வாப்பாவின் மழை ஜெக்கட்டும் நாம் வாசிக்காத பட்டியும்

நோன்புப் பெருநாளைக்கு முந்திய வாரம் எங்கள் வீட்டில் கழுவப்படாத பொருள் எதுவும் மிஞ்சுவதில்லை. திரைச்சீலை, தலையணை உறை, கதிரை மெத்தையின் துணி, கால்மிதி எல்லாம் வாளிக்குள் இறங்கும். சென்ற வருடம் அந்த உற்சாகத்தில் வாப்பாவின் நீல நிற மழை ஜெக்கட்டையும் நான் எடுத்தேன். நான்கு வருடமாக வாப்பா அதைப் போட்டுக்கொண்டுதான் மோட்டார் சைக்கிளில் கடை கடையாகப் பிஸ்கட்டும் இனிப்பும் விநியோகிக்கிறார். கழுத்துப் பட்டை கறுத்திருந்தது. கையோரம் மினுங்கியது. பெருநாளைக்குள் அதைப் புதிதாக்கிக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

இரண்டு கைப்பிடி சலவைத்தூள் போட்டு ஓர் இரவு முழுவதும் ஊறவைத்தேன். காலையில் பிரஷ்ஷால் தேய்த்தேன். மணக்க வேண்டும் என்பதற்காக, உடுப்பை மென்மையாக்கும் திரவத்தை ஒரு மூடிக்கு இரண்டு மூடியாக ஊற்றினேன். பிறகு முறுக்கிப் பிழிந்து, உச்சி வெயிலில் கொடியில் போட்டேன். ஜெக்கட் மணத்தது. "கடையில வாங்கின மாதிரி ஈக்கி" என்று வாப்பா சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருநாள் முடிந்த அடுத்த வாரம் பின்னேர மழை தொடங்கியது. ஏப்ரல் மாதத்து மழை எப்படியென்று நமதூரில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பகலெல்லாம் வெயில் எரிக்கும். மூன்று மணிக்குப் பிறகு வானம் இடித்துக் கொட்டும். அன்று மஃரிபுக்குப் பிறகு வாப்பா வீடு வந்தபோது ஜெக்கட்டின் உள்ளே போட்டிருந்த சேர்ட்டும் பிழியும் அளவுக்கு நனைந்திருந்தது. அது கூடப் பரவாயில்லை. உள்பொக்கட்டில் இருந்த கடன் கொப்பி ஊறி, மை கரைந்து, எந்தக் கடை எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கு நீல நிறக் கறையாகிப் போயிருந்தது. நான்கு நாள் காய்ச்சலோடு படுத்திருந்தார். எழுந்த பிறகு ஒவ்வொரு கடையாகப் போய், "என்ட கணக்கு எவ்வளவு ஈக்கி?" என்று அவரே கேட்க வேண்டி வந்தது. பெரும்பாலான கடைக்காரர்கள் நேர்மையாகச் சொன்னார்கள். சொல்லாமல் விட்டவர்கள் யாரும் இருந்தார்களா என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

"அது பழசு மகள். நாலு வருஷம் உழைச்சிட்டு. இன்னும் என்னத்த எதிர்பாக்கிற?" என்றார் வாப்பா. "கழுவாம உட்டிருந்தா நல்லா ஈந்தீக்கும்" என்றார் உம்மா. இரண்டு பேரும் சொன்னது தவறு என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். ஜெக்கட் பழசாகவில்லை. கழுவியதும் குற்றமில்லை. கழுவிய விதம்தான் குற்றம். அந்தக் குற்றம் என்னுடையது மட்டும்தானா என்ற கேள்வியே இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் எனக்குப் பரப்பிழுவிசையும் தொடுகைக் கோணமும் புதிய சொற்கள் அல்ல. சேம்பு இலையில் மழைத்துளி முத்தாகத் திரண்டு உருளுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய மேடுகளும் அவற்றின் மேலுள்ள மெழுகும் நீரை ஒட்டவிடுவதில்லை. மழை ஜெக்கட்டின் வெளித்துணிக்கும் இதே போன்ற பூச்சு ஒன்றைத் தொழிற்சாலையில் கொடுக்கிறார்கள். அதற்கு உள்ளே, நீரைத் தடுக்கும் இன்னொரு படலம் இருக்கும். தையல் துளைகளின் மேல் உட்பக்கமாக நாடா ஒட்டியிருப்பார்கள். ஆகவே ஒரு நல்ல ஜெக்கட்டில் காவல் மூன்று இடத்தில் இருக்கிறது. நாம் வழக்கமாக உடுப்புக் கழுவும் முறை அந்த மூன்றையும் தாக்குகிறது.

சலவைத்தூளின் மிச்சம் துணியில் தங்கினால், அது நீரை இழுக்கும் தன்மையுள்ளது என்பதால், துளி திரளாமல் பரவி ஊறும். மென்மையாக்கும் திரவம் நூலிழைகளின் மேல் ஒரு படையாகப் படிந்து பூச்சை மறைத்துவிடும். கடினமான பிரஷ் பூச்சைச் சுரண்டும். முறுக்கிப் பிழிந்தால் உள்படலம் மடிந்து வெடிக்கும். தையல் நாடா கழன்று வரும். நான் இவை நான்கையும் ஒரே நாளில், நல்ல எண்ணத்தோடு செய்திருந்தேன்.

காய்ச்சல் மாறி வாப்பா வேலைக்குப் போன பிறகு ஒரு சிறிய பரிசோதனை செய்தேன். ஜெக்கட்டை மேசையில் விரித்து, கரண்டியால் துளித்துளியாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். தோளிலும் முதுகிலும் துளி உடனே பரவிக் கறுத்தது. பொக்கட் மூடியின் அடியில், பிரஷ் படாத இடத்தில், முத்தாக நின்றது. அதாவது சில இடங்களில் பூச்சு இன்னும் உயிரோடு இருந்தது. ஜெக்கட்டை வெறும் தண்ணீரில், நுரை வருவது நிற்கும் வரை அலசினேன். ஆறு முறை மாற்ற வேண்டியிருந்தது. நிழலில் ஹெங்கரில் தொங்கவிட்டு நன்றாகக் காயவைத்தேன். பட்டியில் அயர்ன் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தது. அது குறைந்த சூட்டில் அயர்ன் செய்யலாம் என்பதற்கான அனுமதி. மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து, மெதுவாக அயர்ன் பிடித்தேன். சரிந்து கிடக்கும் பூச்சின் மூலக்கூறுகளை இளஞ்சூடு மீண்டும் நிமிர்த்தும் என்பதே இதன் தத்துவம்.

முதுகில் துளி மறுபடி உருண்டது. தோளில் உருளவில்லை, அங்கே பை வார் உரசி உரசிப் பூச்சு தேய்ந்தே போயிருந்தது. அதற்கு மீண்டும் பூசும் திரவம் வேண்டும். நமதூர்க் கடைகளில் தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே கனமழைக்கு வாப்பா மேலே ஒரு பொலித்தீன் கோட்டும் போட்டுக்கொள்கிறார். எனது வெற்றி முழு வெற்றி இல்லை. ஆனால் குப்பைக்குப் போகவிருந்த ஜெக்கட் இன்றும் உழைக்கிறது.

இனி எனது கருத்துக்கு வருகிறேன்.

அந்த ஜெக்கட்டின் உட்பக்கத் தையலில் ஒரு சிறிய வெள்ளைப் பட்டி இருக்கிறது. அதில் ஐந்து படங்கள். தண்ணீர்த் தொட்டி என்றால் கழுவுதல். அதற்குள் இருக்கும் எண் நீரின் உச்ச வெப்பநிலை. முக்கோணம் என்றால் வெளிற்றும் திரவம். அதன் மேல் குறுக்குக் கோடு இருந்தால் அதைப் பாவிக்கக் கூடாது. சதுரம் என்றால் உலர்த்துதல். அயர்ன் படத்திலுள்ள புள்ளிகள் சூட்டின் அளவு. வட்டம் என்றால் உலர்சலவை. நான்கு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பட்டியைப் பார்க்கவில்லை. அதே பட்டியில் இந்த ஜெக்கட் இலங்கையில் தயாரிக்கப்பட்டது என்றும் எழுதியிருந்தது. வெளிநாட்டுக்கு அனுப்பத் தைத்து, சிறு குறையினால் ஒதுக்கப்பட்டு, கட்டுகஸ்தோட்டையில் நடைபாதைக் கடைக்கு வந்த ஜெக்கட் அது.

நமது நாடு வருடத்துக்கு 400 கோடி அமெரிக்க டொலருக்கும் மேற்பட்ட ஆடைகளை ஏற்றுமதி செய்கிறது. அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். எங்கோ குளிர் நாட்டில் இருப்பவர் ஜெக்கட்டை எப்படிக் கழுவ வேண்டும் என்று சொல்லும் பட்டியை நமது நாட்டுச் சகோதரி ஒருத்தி தைத்து அனுப்புகிறாள். அதே ஜெக்கட் நமது வீட்டுக்கு வந்தால் அந்தப் பட்டி கழுத்தைக் கீறுகிறது என்று கத்தரித்து வீசுகிறோம். பட்டியிலுள்ள எழுத்துகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் ஐரோப்பிய மொழிகளிலும் இருக்கும். தமிழும் சிங்களமும் இருப்பதை நான் பார்த்ததில்லை. ஆனால் படங்களுக்கு மொழி கிடையாது. அதை வாசிக்க யாராவது ஒருமுறை சொல்லித் தந்தால் போதும்.

ஏன் யாரும் சொல்லித் தரவில்லை? உடுப்புக் கழுவுதல் என்பது படிக்க வேண்டிய விஷயம் அல்ல, பெண்பிள்ளைக்குத் தானாகவே வர வேண்டியது என்று நாம் நினைப்பதால்தான். தானாக வருவது பழக்கம் மட்டுமே. அறிவு தானாக வராது. உம்மா உம்மம்மாவிடமிருந்து பழகியது பருத்திச் சாரத்தையும் மல் துணியையும் கழுவும் முறை. பருத்திக்கு அது மிகச் சரியான முறை. ஆனால் நமது அலுமாரிக்குள் இன்று இருப்பது பொலியெஸ்டரும் நைலோனும் அவற்றின் மேல் பூசிய பல்பகுதியங்களும். உடுப்பு மாறிவிட்டது, கழுவும் கை மட்டும் மாறவில்லை.

மழையைத் தடுக்கும் துணியின் கதை நமது மண்ணோடும் சம்பந்தப்பட்டது. 1823இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த சார்ள்ஸ் மெக்கின்டொஷ் இரண்டு துணிகளுக்கு இடையே கரைத்த இறப்பரைப் பூசி மழைக்கோட்டுத் துணிக்கு உரிமம் பெற்றார். அது வெயிலில் இளகி ஒட்டியது, குளிரில் விறைத்தது. 1839இல் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர், இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் அந்தக் குறை நீங்கும் என்று கண்டார். உலகுக்கு இறப்பர் தேவை பெருகியது. பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளில் முளைத்த கன்றுகள் 1876இல் கம்பஹா ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. நம் நாட்டு இறப்பரின் தொடக்கம் அங்கேதான். 1969இல் பொப் கோர் என்ற அமெரிக்கர், சட்டியில் ஒட்டாமல் இருக்கப் பூசும் அதே வகைப் பொருளைச் சட்டென இழுத்து, நுண்துளைகள் நிறைந்த படலமாக்கினார். மழைத்துளி புக முடியாத, ஆனால் வியர்வையின் ஆவி வெளியேறக்கூடிய ஜெக்கட்டுகள் அதிலிருந்து வந்தன. இன்றைய விலை கூடிய ஜெக்கட் ஒன்றுக்குப் பின்னால் ஏறத்தாழ 200 வருட ஆராய்ச்சி இருக்கிறது. அதை நாம் ஒரே இரவில் சலவைத்தூளில் ஊறவைத்து முடித்துவிடுகிறோம்.

நமது காலநிலைக்கென்று தனிக் கவனமும் தேவை. கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் வருடத்துக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. காற்றில் எப்போதும் ஈரம். மலிவான ஜெக்கட்டுகளின் உள்ளே பூசப்படும் பொலியுரேத்தேன் என்ற பொருளை வெப்பமும் ஈரமும் சேர்ந்து மெல்ல உடைக்கும். முதலில் பசை போல ஒட்டும், பிறகு செதிள் செதிளாக உரியும், ஒரு புளித்த வாடை வரும். குளிர் நாட்டில் பல வருடம் தாங்கும் ஜெக்கட் இங்கே மடித்துப் பொலித்தீன் பைக்குள் அமுக்கி வைத்தால் அதைவிட வெகு சீக்கிரமே கெட்டுவிடும். நனைந்ததைப் பைக்கின் ஆசனத்துக்குக் கீழே சுருட்டி வைப்பது இன்னும் மோசம். பங்கசு பிடித்துக் கறுப்புப் புள்ளிகள் விழும். ஆகவே வெளியே இருந்து வந்ததும் உதறி, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுவதே முதல் பராமரிப்பு. நுவரெலியாச் சுற்றுலாவுக்காக வாங்கி வந்து, அடுத்த சுற்றுலா வரை பைக்குள்ளேயே உறங்கும் ஜெக்கட்டுகளை அடிக்கடி எடுத்துக் காற்றாட விட வேண்டும்.

இதன் விளைவை 2025 நவம்பர் இறுதியில் நேரில் பார்த்தேன். டித்வா புயலின் மழையில் மண்சரிவும் வெள்ளமுமாக மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. பிங்கா ஓயா பெருகினால் கடைக்குள் தண்ணீர் புகுவது அக்குறணைக்குப் பழகிய துன்பம். இந்த முறை துன்பம் மலைகளிலிருந்தும் இறங்கி வந்தது. வீடிழந்தவர்களுக்காக உடுப்புச் சேகரித்த இடத்தில் தோழிகளோடு நானும் பிரித்து அடுக்கினேன். குளிரிலும் மழையிலும் நின்றவர்களுக்கு மிகவும் தேவைப்பட்டவை ஜெக்கட்டுகள்தான். வந்தவற்றில் எத்தனையோ உள்ளே ஒட்டிப் பிடித்து, விரித்தால் உரிந்து, நாறிக்கொண்டிருந்தன. கொடுத்தவர்களின் மனதில் குறை இல்லை. அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது என்று நம்பித்தான் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அவற்றை இன்னொருவருக்குக் கொடுக்க எங்களுக்குக் கை வரவில்லை. தனியே ஒதுக்கி வைத்தோம். பராமரிப்பு என்பது நமது பணத்தைக் காப்பது மட்டும் அல்ல, நம்மிடம் இருப்பது ஒருநாள் இன்னொருவருக்கு உதவும் நிலையில் இருப்பதும்தான் என்பதை அன்று விளங்கிக்கொண்டேன்.

"ஒரு ஜெக்கட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? நடைபாதையில் வேறொன்று வாங்கினால் முடிந்தது" என்று சிலர் கேட்கலாம். வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். பழையது எங்கே போகும்? பொலியெஸ்டர் மக்காது. இன்னொரு விஷயமும் இருக்கிறது. நீரை விலக்க நெடுங்காலம் பாவித்த புளோரின் சேர்ந்த இரசாயனங்களை 'என்றும் அழியாத இரசாயனங்கள்' என்று அழைக்கிறார்கள். மண்ணிலும் நீரிலும் அவை எளிதில் சிதைவதில்லை என்பதால் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் 2025 முதல் ஆடைகளில் அவற்றுக்குத் தடை வந்திருக்கிறது. பதிலாக வரும் பூச்சுகள் நீரை விலக்கும், எண்ணெயை விலக்காது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் நமக்கு இது முக்கியமான செய்தி. ஜெக்கட்டின் தொப்பியும் கழுத்தும் முதலில் ஊறுவதற்கு எண்ணெய் ஒரு காரணம். எனவே உம்மா சொன்னது போலக் கழுவாமலே விடுவதும் சரியில்லை. அழுக்கும் எண்ணெயும் வியர்வையும் பூச்சை மூடித்தான் விடும்.

"வேலைக்கு மேல் வேலையா?" என்று கேட்கும் உம்மாமாருக்கு எனது பதில்: சரியான முறை வேலையைக் குறைக்கும். அடிக்கடி கழுவத் தேவையில்லை. சேற்றை ஈரத்துணியால் துடைத்தால் போதும். கழுவ வேண்டிய நாளில் பொக்கட்டைக் காலி செய்து, சிப்பை மூடி, பட்டி சொல்லும் சூட்டுக்குள் இளஞ்சூடான நீரில் கொஞ்சம் திரவச் சவர்க்காரம் இட்டு, கழுத்தையும் கையோரத்தையும் மென்மையான பஞ்சால் தேய்த்து, நன்றாக அலச வேண்டும். ஊறவைக்கவோ, வெளிற்றவோ, பிழியவோ வேண்டாம். சிப் இறுகினால் மெழுகுவர்த்தித் துண்டால் ஒருமுறை உரசினால் வழுக்கும். ரெக்சின் போன்ற பிளாஸ்டிக் மழைக்கோட்டு என்றால் அயர்னைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. துடைத்து நிழலில் தொங்கவிட்டால் போதும்.

இந்த வேலையை யார் செய்வது? இதுதான் எனது கடைசிக் கருத்து. ஜெக்கட்டைப் போடுபவர்களில் அதிகமானோர் வாப்பாமாரும் நானாமாரும். அதைக் கழுவுபவர்கள் நாம். போடுபவருக்குக் கழுவத் தெரியாது. கழுவுபவருக்கு அது மழையில் என்ன செய்கிறது என்று தெரியாது. எங்கள் வீட்டில் கடன் கொப்பி கரைந்தது இந்த இடைவெளியில்தான். நபி (ஸல்) அவர்கள் தமது ஆடையின் கிழிசலைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்பதைக் குர்ஆன் மத்ரஸாவில் ஆண்பிள்ளைகளும் நம்மோடு சேர்ந்துதான் கேட்டார்கள். அப்படியிருக்க, நானா தன் ஜெக்கட்டைத் தானே அலசித் தொங்கவிடுவதில் என்ன குறை வந்துவிடப் போகிறது? எங்கள் வீட்டில் இப்போது அதுதான் ஒழுங்கு. முதல் நாள் நானா சிப்பை மூடாமலே வாளிக்குள் போட்டார். இரண்டாம் முறை சரியாகச் செய்தார்.

இரண்டு வேண்டுகோள்களோடு முடிக்கிறேன். நமதூர் மக்கள் நாடெங்கும் வியாபாரம் செய்பவர்கள். புடவைக்கடை வைத்திருப்பவர்கள் நம்மில் பலரின் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். ஜெக்கட் விற்கும்போது அதன் பட்டியைக் காட்டி, இப்படிக் கழுவுங்கள் என்று இரண்டு வசனம் சொல்லிக் கொடுத்தால் வாங்கியவர் அந்தக் கடையை மறக்கமாட்டார். அடுத்தது நமது கல்லூரிக்கு. மனைப்பொருளியல் வகுப்பறைச் சுவரில் அந்த ஐந்து படங்களையும் தமிழ் விளக்கத்தோடு வரைந்து வைப்போம். பெயின்ட் வாங்கும் செலவை எங்கள் வகுப்பு ஏற்கத் தயார்.

வாப்பா புதிய கடன் கொப்பி வாங்கிவிட்டார். அதைப் பொலித்தீன் உறைக்குள் போட்டுத்தான் உள்பொக்கட்டில் வைக்கிறார். மகள் கழுவிய ஜெக்கட்டின் மேல் அவருக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை போலும். அடுத்த மழைக்காலம் முடியட்டும், கேட்டுப் பார்க்கிறேன்.